கடலைக்காட்டுப் பெட்டி

ஜனவரி 18, சனி

ராஜபாளையத்தில் எலக்ட்ரானிக்ஸ் என்று போர்டு மாட்டிய கடை எல்லாம் ஏறி இறங்கினேன். இந்த ஊரில் எலக்ட்ரானிக்ஸ் என்றால் தவணையில் வாஷிங் மெஷின் என்று அர்த்தம். முதல் கடையில் ரெசிஸ்டர் கேட்டேன். "ஸ்டெபிலைசரா மேடம்?" என்றான். அடுத்தவன் விற்பது போன் உறை; போர்டில் மட்டும் சர்க்யூட் படம். மூன்றாவது கடையில் மழை வந்தால் அலறும் கருவி, காற்றாலை, எரிமலை எல்லாம் செய்து முடித்தே வைத்திருக்கிறார்கள். பெற்றோர் வாங்கிப் போய், பிள்ளையின் பெயரை ஒட்டி, பள்ளிக் கண்காட்சியில் வைத்துப் பரிசும் வாங்கிவிடுகிறார்கள்.

"பையன் எத்தனாவது படிக்கான்?" என்று கேட்டான் கடைக்காரன். பையன் இல்லை, எனக்குத்தான் என்றேன். சிரித்தான். தலை நரைத்த பொம்பளை சாலிடரிங் அயர்ன் பிடிப்பது அவனுக்கு வேடிக்கையாக இருக்கிறது. "மதுரைக்குப் போங்க" என்றான் கடைசியில். எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். எனக்குத் தெரியாதாக்கும். சனிக்கிழமையும் பாதி நாள் கோர்ட்டில் டைப் அடிக்கிறவளுக்கு லீவு யார் தருவது?

வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. ஏதாவது அசைந்தால் சத்தம் போடும் ஒரு பெட்டி. தம்பி பெனின், செண்பகத்தோப்பு மலையடிவாரத்தில் குத்தகைக்குக் கடலை போட்டிருக்கிறான். காட்டுப்பன்றி தோண்டித் தின்கிறது. அதனால் பம்புசெட்டிலிருந்து கரண்ட் எடுத்து வேலியில் விடப் போகிறானாம். "எல்லாரும்தாம்க்கா விடுதாங்க" என்கிறான். பக்கத்துத் தோட்டத்து இருளப்பசாமி ராத்திரியில் தண்ணீர் திருப்ப அந்த வரப்பு வழியாகத்தான் போகிறார். அது இவன் மண்டையில் ஏறவில்லை. பெட்டி செய்து தருகிறேன், அதுவரை கம்பியைத் தொடாதே என்றேன். "பாக்கலாம்" என்றான். பெரிய துரை.

ஜனவரி 20, திங்கள்

ஆன்லைனில் போட்ட சென்சார் வந்தது. உடைந்து வந்தது. மாற்றித் தர நாளாகுமாம். பன்றியிடம் சொல்லிப் பார்க்கிறேன்.

ஜனவரி 25, சனி

நம் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், சமுத்திரம் என்று ஒரு டிவி மெக்கானிக். அரசு கொடுத்த இலவச டிவி ஒன்றின் மேல் உட்கார்ந்து, இன்னொன்றின் மேல் டீ கிளாஸ் வைத்திருந்தார். விவரம் சொன்னேன். "இத மாட்டுத சார் வரலையா?" என்றார். எந்தச் சார் என்று கேட்டேன். டீயை எடுத்துக் குடித்தார்.

ஆனால் லாரி ரிவர்ஸ் எடுக்கும்போது பேசுமே, அந்தப் பெட்டிகள் அவரிடம் குவிந்து கிடக்கின்றன. பட்டனை அமுக்கிப் பிடித்தால் எந்தச் சத்தத்தையும் பதிந்துகொள்ளலாம். ஒன்றை வாங்கினேன். சென்சாருக்கு வழி நானே கண்டுபிடித்தேன். ஆள் நடந்தால் எரியும் வராண்டா பல்பு எல்லா லைட் கடையிலும் இருக்கிறது. அதைப் பிரித்தால் உள்ளே சென்சார். அவர் கண்முன்தான் பிரித்தேன். "நல்ல பல்பப் போயி ஒடைச்சிட்டியளே" என்று வருந்தினார். இவர் மெக்கானிக்.

ஜனவரி 27, திங்கள்

இன்று ஒரு வேலிக் கரண்ட் வழக்கு டைப் அடித்தேன். செத்தவர் வேலி போட்டவனுக்குச் சொந்த மாமா. பெனினுக்கு போன் செய்து சொன்னேன். "அவரு எதுக்கு ராத்திரி அங்க போனாரு?" என்று கேட்கிறான். இவனும் நானும் ஒரே வயிற்றில் பிறந்தோம்.

பிப்ரவரி 1, சனி

நாய் குரைப்பதைப் பதியலாம் என்று மறுபடி ராஜபாளையம். நாய்க்கே ஊர்ப் பெயரை வைத்திருக்கிறார்கள், ஒன்றாவது குரைக்காதா? வளர்ப்பவர் தெலுங்கில் ஏதோ சொல்லிப் பார்த்தார். அது என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கொட்டாவி விட்டது. "எங்க நாய் சும்மா குரைக்காதும்மா, நேரா கடிக்கும்" என்று அவருக்குப் பெருமை வேறு. நின்று நின்று கால் வலித்து, எனக்கு வந்த ஆத்திரத்தில் நாயைத் திட்டிவிட்டேன். விரல் பட்டன் மேலேயே இருந்திருக்கிறது.

பஸ்ஸில் போட்டுப் பார்த்தேன். "ஏலே, தின்னுட்டுப் படுத்துக் கெடக்கியே, ஒனக்கு வெக்கமா இல்ல? எந்திரிலே!" முன் சீட்டில் தூங்கியவர் எழுந்துவிட்டார்.

பிப்ரவரி 2, ஞாயிறு

ஆராதனை முடிந்து நேரே தோட்டம். வேலியில் கம்பி கட்டியாயிற்று! மோட்டார் ரூம் பூட்டியிருந்தது. பெனினுக்கு போன் போட்டேன். "கம்பிதான கட்டிருக்கேன், கரண்ட் குடுக்கல" என்றான். பொய் சொன்னால் அவனுக்குக் குரல் இறங்கும், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். இறங்கியது. நாளைக்கு லைன்மேனோடு வருவேன் என்றேன். "சொந்தத் தம்பியவா காட்டிக் குடுப்ப?" என்று வைத்துவிட்டான்.

இருளப்பசாமி வீட்டுக்குப் போய், இன்றைக்கு அந்தப் பக்கம் போகாதீர்கள் என்று சொன்னேன். பிறகு வேலியோரத்து வேப்பமரத்தில் பெட்டியையும் கூம்பு ஸ்பீக்கரையும் கட்டினேன். உள்ளே இருப்பது என் குரல்தான் என்று பெனினிடம் சொல்லவில்லை. பன்றிக்கு வைத்ததை அவனுக்கு எதற்கு விளக்க வேண்டும்?

பிப்ரவரி 3, திங்கள்

விடியுமுன் போன். அழுகிறான். "அக்கா, எங்க இருக்க?" வீட்டில்தான் என்றேன். "வீட்லயா? நெசமாவா?" திரும்பத் திரும்ப அதையே கேட்டான்.

கரண்டை விட்டுவிட்டு மோட்டார் ரூமில் படுத்திருக்கிறான். வேலிப் பக்கம் என் சத்தம் கேட்டிருக்கிறது. நான் கம்பியை அறுக்க வந்துவிட்டேன் என்று ஓடிப்போய் ஃபியூஸைப் பிடுங்கியிருக்கிறான். இருட்டில் அக்கா, அக்கா என்று கத்திக்கொண்டு வரப்பு முழுவதும் தேடியிருக்கிறான். பன்றி எப்போதோ ஓடிவிட்டது.

"கம்பியில கெடப்பன்னு நெனச்சேங்க்கா."

திட்டத்தான் வாயைத் திறந்தேன். "விடிஞ்சதும் மொதல்ல அந்தக் கம்பிய அவுருலே" என்றுதான் வந்தது. கரண்டை விட்டேதான் இருந்திருக்கிறான், படுபாவி. இருளப்பசாமி மட்டும் போயிருந்தால்?

பிப்ரவரி 23, ஞாயிறு

அடுத்த வாரம் கடலை பிடுங்குகிறார்கள். அந்தக் கம்பியை இருளப்பசாமி வீட்டில் கொடியாகக் கட்டியிருக்கிறார்கள், துணி காய்கிறது. மாற்று சென்சாரும் வந்தது, இனி யாருக்கு வேண்டும்?

சமுத்திரம் தன் போனில் நாய் குரைப்பது வைத்திருக்கிறாராம், பெட்டியில் மாற்றித் தரட்டுமா என்று கேட்டார். பெனினிடம் சொன்னேன். "வேண்டாம்க்கா, ஒன் சத்தமே இருக்கட்டும்" என்றான், தலையைக் குனிந்துகொண்டு. இப்போதெல்லாம் விடியுமுன் எழுந்து தோட்டத்தில் நிற்கிறானாம்.

நான் திட்டியது நாயை என்று அவனிடம் இன்னும் சொல்லவில்லை.