ஸ்பிரிங் வார் கேட்ட அக்காவுக்கு

அக்கா,

அருவிக் குழிகளிலும் நீர்த்தேக்கங்களிலும் மூழ்கிப்போனவர்களைத் தேடி எடுக்கிற ஒரு குழுவில் இப்போது நான் இருக்கிறேன். எங்கள் சாமான்கள் பதுளையில் ஓர் அறையில் இருக்கின்றன. இன்று காலை அங்கே ஒரு பெட்டியைப் பிரித்தோம். தண்ணீருக்கடியில் நீந்தக் காலில் மாட்டும் ஃபின்கள். குதிகாலைப் பிடிக்கும் வார் மட்டும் இரண்டு விதமாக மாதிரிக்கு வந்திருந்தது. ஒன்று ரப்பர், மற்றது எஃகு ஸ்பிரிங். அட்டையைக் கிழித்ததும் புது ரப்பரின் வாடை குப்பென்று முகத்தில் அடித்தது. வெளியே போய்க் குழாயில் முகம் கழுவிவிட்டு வந்தேன்.

"தங்கச்சி, கடல்ல வேல செஞ்ச ஆளு நீங்கதான். எத எடுக்கலாம்?" என்று பொறுப்பாளர் கேட்டார்.

"ஸ்பிரிங் எடுங்க."

"ஏன்?"

மலைத் தண்ணீரில் விரல் மரத்துப்போகும், அப்போது ரப்பர் வாரின் கொக்கியை இழுத்து இறுக்க முடியாது, ஸ்பிரிங் என்றால் ஒரே இழுப்பில் குதிகாலில் ஏறிவிடும் என்றேன். ரப்பர் வெயிலில் வெடித்து, குதிக்கிற நேரம் பார்த்து அறும் என்றும் சொன்னேன். அவர் தலையாட்டினார். சொன்னதெல்லாம் உண்மைதான். உங்களுடைய காரணத்தை மட்டும் நான் அவரிடம் சொல்லவில்லை.

நமுனுகுலவில் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான ஒரே லயத்தில் அடுத்தடுத்த காம்பரா அறைகளில் இருந்தோம். கொழுந்து பறிப்பதை விட்டுவிட்டுக் கிழக்குக் கரைக்கு ஹோட்டல் வேலைக்குப் போனவர் நீங்கள். துணி துவைக்கப் போனவர், கொஞ்ச காலத்தில் அதே ஹோட்டலின் டைவிங் கடையில் சாமான் கழுவினீர்கள், பிறகு நீங்களே கடலுக்குள் இறங்கினீர்கள். என்னையும் கூப்பிட்டுக்கொண்டீர்கள். குளத்தில்கூட இறங்கியிராத என்னை இடுப்பைப் பிடித்து மிதக்க வைத்ததும் நீங்கள்தான்.

வாடகைக்குக் கொடுக்கும் ஃபின்களின் வார்கள் எல்லாம் வெடித்துப் போயிருந்தன. எதை வாங்கலாம் என்று நம் இருவரையுமே முடிவு செய்யச் சொன்னார் கடைக்காரர். படகில் உட்கார்ந்து நாம் சண்டை போட்டோம்.

"ரப்பரே போதும்க்கா. ஆளுக்காளு காலு வேற. ரப்பர்னா இழுத்து அளவு வச்சுக்கலாம். ஸ்பிரிங்ல அளவு தப்பினா ஃபின்னே கழண்டு போயிரும். பாரமும் கூட."

"தண்ணிக்குள்ள என்ன பாரம்?"

"அறுந்தா ரப்பர் எங்கயும் கெடைக்குமில்ல?"

"ஸ்பிரிங் அறாதுல்ல?"

நான் விடவில்லை. கையிலிருந்த ரப்பர் வாரை உங்கள் முன்னால் நீட்டி இழுத்துக் காட்டினேன். "பாருங்க, எவ்வளவு நல்லா இழுபடுது."

நீங்கள் அதைப் பறித்துக் கடலில் வீசினீர்கள். "எனக்கு வேணாம்னா வேணாம். இதோட விடு." உங்கள் உதடு வெளுத்திருந்தது. படகோட்டி திரும்பிப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

வெள்ளைக்காரர்கள் போடுவதைப் போட உங்களுக்கு ஆசை வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். தீபாவளிக்கு முந்திய மாதம் நீங்கள் ஊருக்குப் போய்விட்டு வந்தீர்கள். மறுநாள் நீச்சல் உடுப்பின் ஜிப் முதுகில் சிக்கிக்கொண்டது. நான் இழுத்துத் திறந்தேன். தோள்பட்டையிலிருந்து இடுப்புவரை பட்டை பட்டையாகக் கன்றிக் கிடந்தது. ஒவ்வொரு பட்டையின் முனையிலும் தோல் கிழிந்து சதுரமாக ஒரு காயம். அந்தச் சதுரம் எனக்குத் தெரியும். நாள்தோறும் கழுவுகிற கொக்கிதான் அது.

"வெறகு கட்டத்தான் முந்தியே பழைய வாரக் கொண்டுபோனேன்," என்றீர்கள். "நல்லா இழுபடும்னு அவனும் கண்டுபிடிச்சிட்டான்."

அவன் என்றால் உங்கள் புருஷன். அரைகுறை உடுப்பில் அந்நியர்களோடு தண்ணீருக்குள் போகிறவள் என்று சொல்லிச் சொல்லி அடித்தானாம். அதற்குப் பிறகு கடைக்காரரை ஸ்பிரிங் வார்களையே வாங்க வைத்துவிட்டு நீங்கள் சிரித்தீர்கள். "இத யாரும் சுழட்டி அடிக்க ஏலாது. அடிச்சா அவன் கையிலதான் சுருட்டிக்கிட்டு வரும்."

தீபாவளிக்கு இருவரும் ஊருக்கு வந்தோம். பண்டிகைக்கு அடுத்த நாள் மத்தியானம் நான் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரம் உருண்டது. அதன் பின்னால் வார் விழுகிற சத்தம். ரப்பர் தோலில் பட்டு எழுகிற சத்தம் வேறு எந்தச் சத்தத்தைப் போலவும் இருக்காது. நான் ஓடி வந்தபோது நீங்கள் சுவரோரம் குந்தியிருந்தீர்கள், கையால் முகத்தை மூடிக்கொண்டு.

"இனிமே கடலுக்குப் போவியா? போவியாடி?"

"போவேன்."

அவன் மறுபடி ஓங்கினான். நீங்கள் எழுந்து அந்த வாரை அந்தரத்திலேயே பிடித்தீர்கள். உள்ளங்கை கிழிந்து இரத்தம் முழங்கைக்கு வழிந்தது. விடவில்லை. அவன் ஒரு பக்கம், நீங்கள் ஒரு பக்கம். கயிறிழுப்பதுபோல் இழுத்தீர்கள். வெயில் தின்ற பழைய ரப்பர்தானே, நடுவில் அறுந்தது. அவன் பக்கத்துத் துண்டு கொக்கியோடு தெறித்து அவன் புருவத்தைப் பிளந்தது. கண்ணெல்லாம் இரத்தம். அவன் தடவித் தடவிக் கூரையோரம் செருகியிருந்த கவ்வாத்துக் கத்தியை உருவினான். தேயிலைச் செடியின் கிளையை ஒரே வெட்டில் சாய்க்கிற கத்தி. நான் அடுப்பிலிருந்து எரிகிற கட்டையை எடுத்து அவன் மணிக்கட்டில் ஓங்கி அடித்தேன். எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. அவன் அலறினான். எனக்கு அது பிடித்திருந்தது அக்கா. இன்றைக்கும் பொய் சொல்ல மாட்டேன்.

செருப்பில்லாமல் தேயிலைக்குள் ஓடினோம். உங்கள் கையை என் தாவணியால் இறுக்கிக் கட்டினேன். ரோட்டுக்கு வந்து பஸ்ஸில் ஏறியதும் நீங்கள் கேட்டது ஒன்றே ஒன்று. "சோத்த வடிச்சிட்டியா?" இருவரும் அழுதுகொண்டே சிரித்தோம். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

அன்றே பொலிசில் சொன்னீர்கள். விவாகரத்து வழக்கும் போட்டீர்கள். அவனுடைய முறிந்த கை குணமானது. வழக்குக்காகப் பதுளைக்கு நாம் வரும்போதெல்லாம் எதிர்ப்பக்கம் நின்று உங்கள் கால்களையே பார்த்துக்கொண்டிருப்பான்.

வழக்கின் கடைசித் தவணையன்று மழை தூறியது. தீர்ப்பு உங்கள் பக்கம் வந்தது. பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம். நீங்கள் ஒரு பழக்கடை முன்னால் நின்று பேரிக்காய் பொறுக்கினீர்கள். "நல்லதா பாத்துப் போடுங்க" என்று கடைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். அவன் கத்தியோடு பின்னாலிருந்து வந்தான். முதல் குத்தில் நீங்கள் திரும்பினீர்கள். இரண்டாவது வயிற்றில். நான் அவன் தலைமுடியைப் பிடித்துப் பின்னால் இழுத்தேன், காதைக் கடித்தேன், வாயெல்லாம் உப்பு. கடைக்காரர் தராசுக் கல்லால் அவன் முதுகில் அடித்தார். ஆட்கள் அவனை மிதித்து அமுக்கினார்கள். அதற்குள் நீங்கள் பழங்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தீர்கள். வயிற்றைப் பொத்திய என் விரல்களுக்கிடையில் சூடாக வந்துகொண்டே இருந்தது. "விடு, பயப்படாத," என்றீர்கள். ஆட்டோ ஆஸ்பத்திரி வாசலுக்குப் போகும் முன்னே உங்கள் தலை என் தோளில் கனத்துவிட்டது.

சாட்சி சொன்னேன். அவனுடைய வக்கீல் என்னைக் கூச்சப்பட வைக்கப் பார்த்தார், நாம் கடலில் என்ன உடுத்தோம் என்று கேட்டார். உடுத்ததைச் சொன்னேன். அவன் செய்ததையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவன் இப்போது சிறையில் இருக்கிறான். அது எனக்கு ஆறுதலாக இல்லை. அவனை அடித்த கனவுகள் வருகின்றன. எழுந்தால் தாடை வலிக்கிறது.

உங்களிடமிருந்து என்னிடம் என்ன மிச்சம் என்று இன்று முழுக்க யோசித்தேன். போன வாரம் நடந்ததைச் சொல்கிறேன்.

நம் ஊரிலேயே கீழ் லயத்தில் புதிதாகக் குடிவந்த ஒருவன் அந்தி நேரத்தில் பெண்சாதியை அடித்துக்கொண்டிருந்தான். வாசலில் ஆட்கள் நின்றார்கள். "புருஷன் பொஞ்சாதி விசயம்" என்றார் ஒருவர். நான் படியேறிக் கதவைத் தட்டினேன். திறக்கவில்லை. கைமுட்டியால் இடித்தேன். அவன் திறந்தான், இடுப்புவார் கையில்.

"உனக்கென்ன வேல இங்க?"

"அவங்கள வெளிய விடுங்க."

கையை ஓங்கினான். நான் வாசலை விட்டு நகரவில்லை. "அடிங்க. இத்தன பேரு பாக்குறாங்க, எல்லாரும் வந்து சாட்சி சொல்லுவாங்க," என்றேன். சொல்வார்களா என்று எனக்குத் தெரியாது. பின்னாலிருந்து முதலில் ஒரு பெண், பிறகு இன்னொருத்தி, படியேறி என் பக்கத்தில் வந்து நின்றார்கள். அவன் கை இறங்கியது.

அவள் கைக்குழந்தையோடு என்னைத் தாண்டி வெளியே வந்தாள். இப்போது என் காம்பராவில்தான் இருக்கிறாள். குழந்தை தூங்குகிறது. அவள் என் சேலையைக் கட்டிக்கொண்டு அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து சோறு வடிக்கிறாள்.