குட்டையான கன்றுகள்

பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் சுகம்தான். நீயும் பாப்பாவும் எப்படி இருக்கிறீர்கள்? அத்தைக்கு முழங்கால் வலி குறைந்ததா?

இங்கே அதே வேலைதான். கடல் உள்வாங்கியதும் சேற்றில் இறங்கி, நட்டுவைத்த அலையாத்திக் கன்றுகளின் உயரத்தை அளந்து எழுதவேண்டும். போன வாரம் என் நோட்டைப் பார்த்துவிட்டு மேஸ்திரி குதித்தார்.

"மரம் எங்கயாவது குட்டையாகுமாய்யா? போன தடவையவிட எல்லாமே நாலு விரல் கம்மியா எழுதியிருக்க!"

கன்று குட்டையாகவில்லை. அலை கொண்டுவந்த சேற்றை அதன் வேர்கள் பிடித்துவைத்துக்கொண்டதில் தரைதான் உயர்ந்திருக்கிறது. நான் தரையிலிருந்து அளந்துவிட்டேன். கரையை அலை அரிக்காமலிருக்கத்தான் இதை நடுகிறார்கள். மரம் தன் வேலையைப் பார்த்தது, நான்தான் கோட்டைவிட்டேன். இப்போது தண்டில் பெயின்டால் கோடு போட்டு, அங்கிருந்து அளக்கிறோம். அத்தனையையும் திரும்ப அளந்தபோது சிப்பி காலைக் கீறியது. காயம் ஆறிவிட்டது, மேஸ்திரியும் ஆறிவிட்டார்.

கனமான காலுறை இரண்டு ஜோடி அனுப்பு. தண்ணீர் ஏறுகிறது, படகில் கூப்பிடுகிறார்கள். இன்னும் ஒன்றே ஒன்று. கிளம்பிய அன்று கதவு நிலையில் பாப்பாவின் தலைக்கு நேராகக் கோடு போட்டேனே, அங்கே அவளை நிறுத்து. அந்தக் கோட்டிலிருந்து இப்போது தலை எட்டுகிற இடம்வரை நூல் பிடித்து, வெட்டி அனுப்பு. முழு உயரம் வேண்டாம். கோட்டுக்குக் கீழே இருப்பவளை எனக்குத் தெரியும்.

உன் வீட்டுக்காரன்