கூண்டிலிருந்து கேட்ட குரல்

பிப்ரவரி 3

புது ஓபராவுக்கு ஒத்திகை தொடங்கிவிட்டது. கூண்டுக்குள் இறங்கும்போதே இடது முழங்கால் நறுக்கென்றது. மேடை விளிம்பில், பலகைக்குக் கீழே, பார்வையாளர்களுக்குத் தெரியாதபடி மூடி போட்ட அந்தப் பெட்டிக்குள் உட்கார்ந்து இருபத்திரண்டு வருடமாகப் பாடகர்களுக்கு அடியெடுத்துக் கொடுக்கிறேன். ஒவ்வொரு வரியின் முதல் சொல்லையும் அவர்கள் வாய் திறப்பதற்கு ஒரு நொடி முன்னால் நான் சொல்ல வேண்டும். ஊருக்கு அவர்கள் முகம் தெரியும். எனக்குச் செருப்பும் மோவாயும் பல்லில் அடைத்த ஈயமும் தெரியும்.

இந்த முறை எத்தோரே கஸ்தன்யோலி வந்திருக்கிறார். நாற்பத்தாறு வயது. கதவைத் திறந்து உள்ளே வந்ததும் கோரஸ் பெண்கள் எல்லோருக்கும் திடீரென்று தலைமுடியைச் சரிசெய்ய வேண்டியிருந்தது. உடைப் பிரிவு நீவெஸ், என் பள்ளித் தோழி, அளவெடுத்துவிட்டு நேராக என்னிடம் வந்தாள். "நெஞ்சாடி அது! ரெட்டைக் கதவு. டேப்பு பத்தல."

அழகாக இருந்து என்ன? இவருடையதுபோல் கனத்த பாரிடோன் குரலுக்கு எழுதி வைத்தது இரண்டே வேஷம். ஒன்று வில்லன், இல்லையென்றால் அப்பன். காதலியைக் கட்டிப்பிடிப்பதெல்லாம் உச்சக் குரலில் பாடும் டெனருக்கு, அவன் பீப்பாய் மாதிரி இருந்தாலும். இந்த ஓபராவில் இவருக்கு இரண்டும் சேர்த்து. ஆற்றுச் சுங்கத் தலைவன் ஓர்சோ, இரண்டு அங்கம் முழுக்க ஒரு படகுக்காரப் பெண்ணைத் துரத்துகிறான். மூன்றாவது அங்கத்தில்தான் அவள் தன் மகள் என்று தெரிகிறது.

பிப்ரவரி 6

அவர் என்னைப் பார்க்கிறார்.

கற்பனை இல்லை. எண்ணினேன். முதல் அங்கத்தில் மட்டும் முப்பத்தொரு தடவை. பாடகர்கள் கூண்டுப் பக்கம் பார்ப்பது வழக்கம்தான், சொல் மறந்தால் ஒரு ஓரப்பார்வை. இது அப்படி இல்லை. வரி தொடங்கும் முன் கண் வந்து உட்காருகிறது, நகர்வதில்லை. எனக்கு ஐம்பத்திரண்டு வயது. பத்து வருடத்துக்கு முன்னால் விவாகரத்து ஆனதிலிருந்து என்னை இவ்வளவு நேரம் பார்த்தது பல் டாக்டர் மட்டும்தான்.

பிப்ரவரி 9

நீவெஸ் கண்டுபிடித்துவிட்டாள். இவளிடம் எதுதான் தப்பும்? "மகளா பாடுற லூச்சில்லாவுக்கு இருபத்தேழு வயசு, பக்கத்துல நிக்கிறா, அவளைத் திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்குறாரு. கூண்டுக்குள்ள என்னத்தடி வெச்சிருக்க நீ?"

சும்மா இரு என்றேன். காது சூடாகிவிட்டது.

பிப்ரவரி 10

உதட்டுச் சாயம் வாங்கினேன். சிவப்பு. எதற்கு?

பிப்ரவரி 11

"இது நல்லா இருக்கு, ஓர்னெல்லா. தினமும் போட்டுக்குங்க" என்றார். குனிந்து, கூண்டின் விளிம்பில் கை வைத்து, எல்லோர் முன்னாலும். இரவு சமைக்கும்போது உப்புக்குப் பதில் சர்க்கரை போட்டிருக்கிறேன். அதையும் சாப்பிட்டேன்.

பிப்ரவரி 14

மாயெஸ்ட்ரோ பெர்த்தோனி அறைக்குக் கூப்பிட்டார். குச்சி பிடித்து மொத்த வாத்தியக் குழுவையும் ஆட்டிவைப்பவர், இன்று பென்சிலை மென்றுகொண்டிருந்தார்.

"உள்ளதைச் சொல்லுங்க. அந்த ஆளுக்குப் பாட்டு மனசுல நிக்குதா இல்லையா? உங்க மூஞ்சியையே பாத்துட்டு நிக்கிறான். மேல் மாடிக்காரங்க பாட்டுப் புத்தகத்தை மடியில விரிச்சு வெச்சுட்டு ஒக்காருவாங்க. ஒரு சொல் தப்பினாலும் தோலை உரிச்சுடுவாங்க."

தெரியாதா எனக்கு? எங்கள் ஊர் மேல் மாடி அது. கசாப்புக் கடைக்காரனும் தபால்காரனும் உட்காருகிற மலிவு இருக்கைகள். ஆனால் தீர்ப்பு அங்கிருந்துதான் வரும். எட்டு வருடத்துக்கு முன் ஒரு பாடகரை விசிலடித்து விரட்டினார்கள். வேஷத்தைக்கூடக் கலைக்காமல் வெள்ளி வாளோடு ரயிலேறிப் போனார். அதற்குப் பிறகு அவர் எங்கும் பாடியதாகத் தகவல் இல்லை.

"எல்லாம் தெரியும் அவருக்கு. ஜாக்கிரதையான ஆள், அவ்வளவுதான்" என்றேன்.

பொய் சொன்னேனா? என்னைப் பார்ப்பது எனக்காக என்று இத்தனை நாள் நினைத்திருந்தேனே, மாயெஸ்ட்ரோ சொன்ன பிறகு வேறு மாதிரித் தெரிகிறது. மறதியா? நாற்பத்தாறு வயதிலா? அரங்கேற்றத்துக்கு இன்னும் பத்தே நாள்.

பிப்ரவரி 17

ஜலதோஷம். மூடுபனி எலும்பு வரை ஏறிவிட்டது. சால்வையை மூக்கு வரைக்கும் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். ஆனால் சொற்களை வழக்கத்தைவிட உரக்கத்தான் சொன்னேன், பக்கத்தில் நின்ற டெனர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

எத்தோரே மூன்று இடத்தில் வரி தொடங்கவே இல்லை. வாயைத் திறந்தபடி நிற்கிறார். முகம் சுண்ணாம்பு. மூன்றாவது தடவை மாயெஸ்ட்ரோ குச்சியை விட்டெறிந்தார், அது பெரிய வயலின்காரர் மடியில் விழுந்தது.

மன்னிப்புக் கேட்டார், தூக்கமில்லை என்றார். போகும்போது என்னிடம் சிரித்துக்கொண்டே, "அந்தச் சால்வை உங்களுக்குப் பொருந்தல" என்றார். சிரிப்பு உதட்டில் மட்டும்தான் இருந்தது.

பிப்ரவரி 20

தெரிந்துவிட்டது. நடந்தபடியே எழுதிவிடுகிறேன்.

வேஷம் போட்டு முழு ஒத்திகை. திரை தூக்கும் முன் எத்தோரே மேடையோரம் நின்றிருந்தார். பின்னாலிருந்து அவர் வலது தோளருகே போய், "ஓநாய் வாயில போங்க" என்றேன். எங்கள் தொழிலில் மேடையேறும் முன் எல்லோரும் எல்லோருக்கும் சொல்கிற வாழ்த்துதான். "சாகட்டும் ஓநாய்" என்று பதில் வந்தாக வேண்டும். வராவிட்டால் பெரிய அபசகுனம். தூக்கத்தில் எழுப்பிச் சொன்னாலும் ஒரு பாடகன் வாயிலிருந்து அந்தப் பதில் வந்துவிடும்.

பதில் இல்லை. கையுறையை மாட்டிக்கொண்டிருந்தார்.

திரும்பவும் சொன்னேன். இல்லை. முதலில் கோபம்தான் வந்தது, இவ்வளவு திமிரா என்று. பிறகு என்ன தோன்றியதோ, "உங்க கால்சட்டை பின்னாடி கிழிஞ்சிருக்கு" என்றேன், சாதாரணக் குரலில். ஒரு கண்ணாடியைக்கூடச் சும்மா தாண்டிப் போகாத மனிதர் அசையவே இல்லை.

தற்செயலாகத் திரும்பினார். என் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டார். உடை மாற்றும் அறைக்குக் கூட்டிப் போய்க் கதவைச் சாத்தினார்.

"வலது காது போயி ஒரு வருஷம் ஆச்சு. இடது பாதிதான் இருக்கு, அதுவும் எறங்கிட்டே வருது. என் குரல் மட்டும் மண்டைக்குள்ள மணி அடிச்ச மாதிரி கேக்குது. மத்தவங்கல்லாம் பஞ்சு மூட்டைக்குள்ள போயிட்டாங்க. வாத்தியம் மெதுவா வாசிச்சா ஒண்ணுமே இல்ல. உங்க உதட்டைப் பாத்துத்தான் எங்க ஆரம்பிக்கணும்னு தெரிஞ்சுக்கறேன்."

டாக்டர் என்ன சொல்கிறார் என்று கேட்டேன். "ஆபரேஷன். நல்லா வரலாம். வராட்டி இருக்கறதும் போயிடும்." இரண்டு கையையும் சேர்த்துக் குவித்துக் கெஞ்சுகிற மாதிரி என் முன்னால் ஆட்டினார். "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. காது கேக்காதவன்னு தெரிஞ்சா ஒரு தியேட்டர்லயும் சேக்க மாட்டாங்க. இந்த வேஷத்தை முடிச்சுடறேன், அப்புறம் பாத்துக்கலாம்."

சத்தியம் செய்துகொடுத்தேன்.

ஆக, மறதி இல்லை. நானும் இல்லை. என் உதடு அவருக்கு ஒரு புத்தகம், சிவப்பு மையில் அச்சடித்தது. வலிக்கிறது. இதை எழுதுவதற்கு வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் என் நோட்டில்கூட எழுதாவிட்டால் வேறு எங்கே எழுதுவது?

பிப்ரவரி 21

மாயெஸ்ட்ரோவிடம் சொல்வதா, வேண்டாமா? சொன்னால் இன்றைக்கே மாற்று ஆளை இறக்கிவிடுவார், காரணம் நாளைக்குள் மிலான் வரை போய்விடும். சொல்லாவிட்டால் — மேல் மாடி.

ஒரே ஒரு இடம்தான் பயம். மூன்றாம் அங்கத்தில் ஓர்சோ மகளைக் கட்டிக்கொள்கிறான், முதுகு எனக்கு. வாத்தியங்கள் மூச்சளவுக்கு இறங்கும். நாலு எண்ணி "மகளே" என்று தொடங்க வேண்டும். அங்கே என் உதடு அவருக்குத் தெரியாது. "நானே எண்ணிக்கறேன். எத்தனை வருஷமா எண்ணிட்டிருக்கேன்" என்கிறார். இன்று சரியாகவே வந்தது. அரங்கேற்றத்தன்றும் வரும். வரும்தானே?

பிப்ரவரி 22

உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் முழு ஒத்திகை பார்த்துவிட்டு எழுதியிருக்கிறார்: "கஸ்தன்யோலியின் பார்வையில் ஒரு தீராத தாபம் எரிகிறது." நீவெஸ் அதை வெட்டி என் கூண்டில் ஒட்டிவைத்திருக்கிறாள். கிழித்துப் போட்டேன். என்னடி ஆச்சு என்று கேட்டாள். மிச்சமிருந்த பசையை நகத்தால் சுரண்டினேன்.

பிப்ரவரி 24

இன்று மாலை அரங்கேற்றம். பூசணி அடைத்த தொர்த்தெல்லிக் கொழுக்கட்டை செய்தேன், ஒன்றுகூட இறங்கவில்லை. நாலு எண்ணணும். நாலே நாலு.

பிப்ரவரி 25

எங்கே ஆரம்பிப்பது?

முதல் இரண்டு அங்கமும் அப்படிப் பாடினார். என் கண்ணால் பார்த்தேன், சும்மா சொல்லவில்லை. மேல் மாடியில் இருமல் சத்தம்கூட இல்லை. இரண்டாவது அங்கம் முடிந்ததும் மேலிருந்து "பலே, ஓர்சோ!" என்று ஒரு குரல் வந்தது. எங்கள் ஊரில் அது பதக்கம். மாயெஸ்ட்ரோ எனக்குக் கண்ணடித்தார்.

மூன்றாம் அங்கம். கட்டிக்கொண்டார். லூச்சில்லா நிஜமாகவே அழுதாள், பாவம், சின்னப் பெண், அவரை இறுக்கிப் பிடித்துத் தோளில் முகம் புதைத்துக் குலுங்கினாள். அந்தக் குலுக்கலில் எண்ணிக்கை தவறியிருக்க வேண்டும். நாலு வந்தது. போனது. ஐந்து. ஆறு. வாத்தியங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கின்றன. முதுகுதான் தெரிகிறது எனக்கு, அந்தப் பெரிய முதுகு. ஏழு.

கத்திவிட்டேன். "மகளே!"

ஐயோ, அந்த நிசப்தத்தில். என் ஜலதோஷக் குரல் மூடியில் பட்டுக் கடைசி வரிசை வரை போனது. அப்புறம் மேல் மாடியிலிருந்து ஒருவன், "அடடே! அம்மாவும் கிடைச்சாச்சுடோய்!"

அரங்கமே சிரித்தது. ஆயிரம் பேர். வாத்தியக் குழுவில்கூடத் தோள்கள் குலுங்கின. "மேல ஏறி வாம்மா, குடும்பமா நில்லுங்க!" என்று இன்னொருவன்.

அந்தச் சொல்லை எல்லோரும் கேட்டார்கள். யாருக்காகச் சொன்னேனோ அவருக்கு மட்டும் கேட்கவில்லை. அவருக்குச் சத்தத்தால் ஒரு பயனும் இல்லை என்று உலகத்திலேயே எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். நான்தான் கத்தினேன்.

லூச்சில்லா விறைத்ததை உணர்ந்து தலையைத் திருப்பினார். பார்வையாளர் வரிசைகளில் எல்லா வாயும் திறந்திருப்பதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் சத்தமில்லாமல், உதட்டால் மட்டும், "மகளே" என்றேன். பாடினார். கடைசி வரை பாடினார், ஒரு சொல் பிசகவில்லை. ஆனால் ஒவ்வொரு இடைவெளியிலும் மேலே யாராவது ஒருவன் செருமிச் சிரித்தான்.

திரை விழுந்ததும் நேராக என்னிடம் வந்தார். "எதுக்குச் சிரிச்சாங்க? நான் என்ன தப்பு பண்ணேன்?"

நானே சொல்ல வேண்டியிருந்தது. மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, அவர் படிக்கிற மாதிரி. முழுக்கப் படித்தார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. "ஓ" என்றார். அவ்வளவுதான்.

பிப்ரவரி 26

அவரே மாயெஸ்ட்ரோவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாராம். மீதி மூன்று நாளுக்கும் மாற்று ஆள். காலை ரயிலில் கிளம்பிவிட்டார். நீவெஸுக்குக் கை கொடுத்தார், வாசல் காவலாளிக்குக் கை கொடுத்தார். நான் கூண்டிலேயே உட்கார்ந்திருந்தேன். அவர் அங்கே வரவில்லை.

மாயெஸ்ட்ரோ, "உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டார். தெரியும் என்றேன். பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "போயி சூடா எதாவது குடிங்க" என்றார்.

மார்ச் 12

கடிதம் எழுதினேன். கிழித்தேன்.

மார்ச் 13

திரும்ப எழுதி, திரும்பிப் பார்க்காமல் பெட்டியில் போட்டுவிட்டேன். "கத்தியதற்கு மன்னியுங்கள்" என்று ஒரே வரி.

ஏப்ரல் 30

பதில் இல்லை. போலோன்யா ஆஸ்பத்திரியில் சேர்ந்திருப்பதாக லூச்சில்லா சொன்னாள். இருப்பதும் போய்விட்டால்? என்னால்தானே இவ்வளவு சீக்கிரம் போனார். தூங்க முடியவில்லை.

மே 19

தபால் அட்டை. அவர் கையெழுத்து.

"இடது காதைத் திறந்துவிட்டார்கள். கரண்டி தட்டில் படுவது இவ்வளவு பெரிய சத்தமா? வலதுக்குச் செப்டம்பரில். நீங்கள் கத்தியிருக்காவிட்டால் இன்னும் ஒளிந்துகொண்டுதான் இருந்திருப்பேன். ஆனால் அன்றைக்கு உங்கள் மேல் இருந்த கோபம் உண்மை. இப்போது இல்லை."

பத்துத் தடவை படித்தேன். "இப்போது இல்லை" என்ற இடத்தில் மை கொஞ்சம் அழுத்தமாக இருக்கிறது. சமையல்கட்டில் நின்று சத்தமாக அழுதேன்.

அக்டோபர் 27

அதே ஓபரா, மறுபடியும். மாற்று ஆள் வேறு ஊருக்குப் போய்விட்டதால் மாயெஸ்ட்ரோவே எத்தோரேவைக் கூப்பிட்டிருக்கிறார். இன்று முதல் ஒத்திகை. மேல் மாடி மறந்திருக்குமா? அந்தக் கசாப்புக் கடைக்காரன் போன வாரம்கூடக் கறியைப் பொதிந்துகொண்டே "என்ன, அம்மா சௌக்கியமா?" என்று கேட்டான்.

ஒவ்வொரு வரிக்கும் அடியெடுத்துக் கொடுத்தேன். ஒன்றுகூட அவருக்குத் தேவைப்படவில்லை. மூன்றாம் அங்கத்தில் முதுகைக் காட்டியபடி லூச்சில்லாவைக் கட்டிக்கொண்டார், வாத்தியங்கள் இறங்கின, சரியான இடத்தில் "மகளே" என்று தொடங்கினார். பெரிய வயலின்காரர் மூக்கை உறிஞ்சினார். மூன்று மணிநேரத்தில் எத்தோரே என் பக்கம் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. பாட்டு முழுக்க அவர் கண் லூச்சில்லா மேல்தான் இருந்தது, இருக்க வேண்டிய இடத்தில். எனக்கு நிம்மதியாகத்தான் இருக்கிறது. அழுகையும் வருகிறது, அதையும் எழுதிவிடுகிறேன்.

முடிந்ததும் எல்லோரும் இறங்கிப் போனார்கள். அவர் மட்டும் மேடை நடுவில், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கோட்டுப் பொத்தானைப் போட்டபடி நின்றிருந்தார். "சரியா வந்துச்சா, ஓர்னெல்லா?"

"வந்துச்சு" என்றேன். எனக்கே கேட்காத அளவு மெதுவாக.

"சந்தோஷம்" என்றார், திரும்பாமலேயே.