பெஞ்சில் என் பெயர்

டெர்பி,
ஆகஸ்ட் 14

அன்புள்ள தம்பி கிளைவுக்கு,

அக்கா மேவிஸ் எழுதுகிறேன். உட்கார்ந்துகொண்டு படி. நான் சாகவில்லை.

நேற்று எங்கள் ஓய்வூதியர் சங்கத்தில் பஸ் பிடித்து ஹோல்பி கடற்பாலத்துக்குக் கூட்டிப்போனார்கள். பக்கத்து வீட்டு பெரிலும் நானும் காசு போடும் மெஷின்களில் ஆசை தீரத் தோற்றோம். ராட்டினம் எனக்கு ஒத்துக்கொள்ளாது. அதனால் சிப்ஸ் பொட்டலத்தோடு பாலத்தின் கடைசி பெஞ்சுக்குப் போனோம். செத்தவர்கள் பெயரைப் பித்தளைத் தகட்டில் பொறித்து அந்த பெஞ்சுகளில் அடித்திருப்பார்கள், உனக்குத் தெரியாததா. சாய்வதற்குமுன் படித்தேன். 'மேவிஸ் ஹாட்டர்ஸ்லி நினைவாக. காற்றைத் திட்டிக்கொண்டே இங்கே உட்கார்ந்திருப்பாள். தம்பி கிளைவ்.'

பெரில் தகட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "செத்துட்டேன்னு முன்னாடியே சொல்லியிருந்தா பஸ்ல உன் பக்கத்துல உக்காந்திருக்க மாட்டேன்டி" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சிப்ஸ் கடைக்காரியிடம் ஓடினேன். "அந்தத் தாத்தாவா? வருஷா வருஷம் மே மாசம் அக்கா பொறந்தநாளுக்கு வருவாரும்மா. ரெண்டு பொட்டலம் வாங்கி ஒண்ண பக்கத்துல வச்சுக்குவாரு. அதைக் கடற்காகம்தான் தின்னும். 'எங்க அக்கா எவ்வளவு கோவமா இருந்தாலும் கிறிஸ்துமஸ் கார்டு போடாம இருக்க மாட்டா, நான் போட்டதும் திரும்பி வந்திடுச்சு, அவ போய்ச் சேந்துட்டா'ன்னு அழுதாரு. போன தடவை கம்பு ஊணிக்கிட்டு வந்தாரு. இந்த மே மாசம் வரல" என்றாள். இந்த மே மாசம் வரல என்றதும் உனக்கு என்ன ஆனதோ என்று பயந்துபோனேன். அந்த மேவிஸ் நான்தான் என்று அவளிடம் சொல்லாமலே வந்துவிட்டேன்.

அம்மாவின் அடக்கத்துக்கு நீ தாமதமாக வந்தாய் என்று சொந்தக்காரர்கள் முன்னால் உன்னைத் திட்டினேன். பிறகு வீடு மாறினேன், உனக்கு விலாசம் கொடுக்கவில்லை. கார்டும் போடவில்லை. பதினொரு வருஷமாக உன்னை அழவைத்துவிட்டேனே, கிளைவ். யாரிடமாவது விசாரித்திருக்கக் கூடாதா என்று கோபமும் வருகிறது. நான் மட்டும் விசாரித்தேனா?

நீ வீடு மாறுகிற ஆள் இல்லை என்ற நம்பிக்கையில் பழைய விலாசத்துக்கே எழுதுகிறேன். சனிக்கிழமை பதினொரு மணி ரயிலில் வருகிறேன். நீ என்னோடு பேசக்கூட வேண்டாம். நடக்க முடியாவிட்டால் மெதுவாக வா, நான் வாசலில் நிற்கிறேன். கதவை நீயே வந்து திற, அது போதும். கடவுள் உன்னை அதுவரை நன்றாக வைத்திருக்கட்டும்.

உயிரோடு இருக்கும் உன் அக்கா,
மேவிஸ்