நீ முன்கூட்டி வெட்டிய மரங்கள்

அன்புள்ள அக்கா,

நேற்று ஜாசின் கிளினிக்கில் என் நம்பருக்காகக் காத்திருந்தேன். பக்கத்தில் ஒரு பெண் கைப்பேசியில் கொரிய மொழி படித்துக்கொண்டிருந்தாள். ஒரு சொல்லைச் சரியாகச் சொன்னால் திரையில் ஓர் இலை துளிர்க்கிறது. "எவ்வளவு படிச்சிருக்கோம்னு பாத்துக்கலாம் பாட்டி," என்றாள். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. உன் அடுப்படிச் சுவர் ஞாபகம் வந்துவிட்டது.

கம்யூனிஸ்டுகளை வேட்டையாட வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம் இன்னும் முடியாத நாட்கள். இருவரும் குடியுரிமை மனுப் போட்டிருந்தோம். அதிகாரி முன்னால் மலாய் பேசிக் காட்ட வேண்டும். தேறாதவர்களைத் திரும்ப ஊருக்கே கப்பலேற்றி விடுவார்கள் என்று தோட்டத்து லயத்து வீடுகளில் யாரோ கிளப்பிவிட, உனக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை. நோட்டில் எழுதினால் உன் பிள்ளைகள் கிழித்துவிடும் என்று சுவரில் கரியால் ரப்பர் மரங்களை வரைந்தோம். மேல் நிரை எனக்கு, கீழ் நிரை உனக்கு. ஒரு சொல்லுக்கு ஒரு மரம். சொல் மனதில் நின்றால், பால் வெட்டுவதுபோல் மரத்தில் ஒரு வெட்டு.

நான் மூன்று நாள் சோதித்த பிறகே வெட்டுவேன். நீயோ சொல்லைக் காதில் கேட்டதுமே வெட்டிவிடுவாய். சண்டைக்கு வந்தால், "நாளைக்குத் தெரிஞ்சிடப் போவுது. இன்னைக்கே வெட்டுனா மரம் அழுவுதா?" என்பாய்.

ஒரு பகலில் லயத்தைச் சோதிக்க வந்த மலாய்க்காரப் போலீஸ் சார்ஜன் அந்தச் சுவரின் முன் நின்றுவிட்டார். காட்டில் ஒளிந்திருப்பவர்களுக்கு வழிகாட்டும் வரைபடம் என்று முடிவுகட்டினார். அவரோடு வந்த மாத்தாக்கள், போலீஸ்காரர்கள், துப்பாக்கியோடு வாசலை மறித்தார்கள். ஸ்டேஷனுக்குப் போனவர்கள் எப்போது திரும்புவார்கள் என்று அன்று யாருக்கும் தெரியாது.

நான்தான் விளக்கியிருக்க வேண்டும். என் நிரையில் நாற்பது மரமும் நியாயமாக வெட்டியவை. வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது.

நீ முந்தானையைச் செருகிக்கொண்டு முன்னே போனாய். உன் முதல் மரத்தைத் தொட்டு, "ஆயேர்" என்று பானைத் தண்ணீரைக் காட்டினாய். "நாசி" என்று சோற்றை. "ஆயாம்" என்று, மாத்தாவின் பூட்ஸைக் கண்டு மிரண்டு ஓடிய கோழியை. சார்ஜன் விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். இருபது மரம் தாண்டியதும் உன் கை நின்றது. மீதிப் பத்தும் நீ முன்கூட்டி வெட்டியவை.

"இதெல்லாம் என்ன?" என்று மலாயில் அதட்டினார். நீ என்னைப் பார்த்தாய். நான் தரையைப் பார்த்தேன்.

"பெலும் தாவு, துவான்," என்றாய். இன்னும் தெரியாது, ஐயா. பிறகு என்னைக் காட்டி, "சாயா திப்பு. டியா மாரா லா!" நான் ஏமாற்றினேன், இவள் கோபிப்பாள்.

சார்ஜன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கரித்துண்டை எடுத்து உன் நிரையின் கடைசியில் தானே மூன்று மரம் வரைந்து, மூன்றையும் வெட்டிவிட்டுப் போனார். தெரியாது, ஏமாற்று, கோபம். மூன்றும் நம் சுவரில் இல்லாத சொற்கள்.

"ரப்பர் மரம் வரையச் சொன்னா தென்ன மரத்த வரைஞ்சிட்டுப் போறாரு," என்று நீ குறைபட்டாய்.

உனக்கு முதல் தடவையே குடியுரிமைப் பத்திரம் கிடைத்தது. நான் இரண்டு தடவை நாற்பது சொல்லையும் வைத்துக்கொண்டு அதிகாரி முன் ஊமையாக நின்றேன். மூன்றாம் தடவை உன்னை நினைத்துக்கொண்டு, "பெலும் தாவு, துவான்" என்று ஆரம்பித்தேன். அவர் சிரித்துவிட்டு நாற்காலியைக் காட்டினார். அதற்குப் பிறகு பேச்சு தானாக வந்தது.

இன்றும் புது இடத்தில் தெரியாது என்றுதான் வாயைத் திறக்கிறேன். உன்னைப் பொய் வெட்டுக்காரி என்று லயம் முழுக்கக் கேலி செய்தவள் நான். நீ உயிரோடு இருந்தபோது ஒரு தடவைகூட மன்னிப்புக் கேட்கவில்லை. மன்னித்துக்கொள், அக்கா.