மிதிவண்டிக்கு மதிப்பெண் இல்லை

என் பேச்சுக்கு நடுவே இருமி இருமியே என்னைத் திருத்திய செழியன் அண்ணே,

நீங்கள் மறைந்து எட்டுத் திங்கள் ஆயிற்று. உங்கள் தம்பியின் மூளையை இப்போது ஒரு கணினி அளக்கிறது! நோயா? இல்லை. நலமாக இருக்கும் முதியவர்களுக்கென்றே செய்த பயிற்சியாம். பெயரைத் திரையில் பார்த்தேன்: 'மூளை பயிற்சி'. நடுவில் 'ப்' எங்கே? ஓர் ஒற்றெழுத்தைத் தொலைத்துவிட்டு வந்தது, எழுபத்து நான்கு அகவையில் நீ எதைத் தொலைத்தாய் என்று என்னைக் கேட்கிறது.

பத்துப் படங்களைக் காட்டி மறைக்கும். பார்த்ததை எழுத வேண்டும். பத்தும் எழுதினேன் அண்ணே, ஒன்றும் விடவில்லை. மிதிவண்டி, தவறு. குளம்பி, தவறு. கரிக்கோல், தவறு. பத்துக்கு ஏழு. "உங்கள் நினைவாற்றல் குறைவு" என்று சிவப்பில் ஒரு வரி வேறு.

"சைக்கிள்னு போடுங்கப்பா. காபின்னு போடுங்க. எதுக்கு இந்த வீம்பு?" என்கிறாள் என் மகள் கயல்.

"அதற்குத் தெரியாத சொல்லுக்கு நான் மறதிக்காரனா அம்மா?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. எட்டு மார்க்காவது வந்தாதான் ஞாயித்துக்கிழமை ஸ்ரீரங்கம் மேடை. இல்லேன்னா வீட்டுல இருங்க."

ஞாயிறன்று திருவரங்கத்தில் நடப்பது உங்கள் நினைவுக் கூட்டம். அதில் நான் பேசலாமா கூடாதா என்பதை ஒரு குளம்பிக் கோப்பை முடிவுசெய்கிறது!

கயலின் அச்சமும் பொய்யன்று. சென்ற திங்கள் எடமலைப்பட்டி புதூரில் பேசி முடித்தேன். முடித்த கையோடு, "அடுத்து என் அண்ணன் செழியன் பேசுவார்" என்று ஒலிவாங்கியை இடப்பக்கம் நீட்டிவிட்டேன். முன்வரிசையில் கயல் முகத்தைப் பொத்திக்கொண்டாள். நாம் சேர்ந்து பேசிய மேடைகளில் முப்பது ஆண்டு அதே கைதானே அதே பக்கம் நீண்டது? அது மறதியா அண்ணே, மறக்க முடியாமையா? எனக்கே விளங்கவில்லை. எரிச்சலெல்லாம் அதில்தான்.

பன்னிரண்டு நாள் பயின்றேன். ஓடும் பந்துகளை எண்ணுவதில் தேர்ந்துவிட்டேன். மூக்குக்கண்ணாடியை மட்டும் இன்றும் வீடு முழுக்கத் தேடினேன். "நெத்தியில இருக்கு பாருங்க" என்றாள் கயல்.

நேற்று ஓர் இழிசெயல் செய்தேன். சைக்கிள் என்று எழுதினேன். காபி, பென்சில், எல்லாம் எழுதினேன். பத்துக்குப் பத்து! திரையில் பூமாரி. "சூப்பர்ப்பா!" என்று கயல் கைதட்டினாள்.

மேடையில் நான் ஒரு கலப்புச் சொல் சொன்னால் போதும், பக்கத்து நாற்காலியிலிருந்து உங்கள் இருமல் வந்துவிடும். "எனக்குச் சளி இல்ல தம்பி, உன் தமிழுக்குத்தான் தடுமன்" என்பீர்கள். நேற்று மூன்று கலப்புச் சொல் எழுதிவிட்டுக் காத்திருந்தேன். வீட்டில் யாரும் இருமவில்லை.

ஞாயிறன்று பேசுவேன் அண்ணே. ஒரு பிறமொழிச் சொல்லும் என் வாயில் நுழையாது. முடித்ததும் ஒலிவாங்கியை அதன் தாங்கியிலேயே வைப்பேன். அதையும் மீறிக் கை இடப்பக்கம் நீண்டுவிட்டால், கணினி எனக்குச் சுழியமே போடட்டும். நீட்டிய கையை மட்டும் உடனே மடக்க மாட்டேன்.

இன்னும் வலப்பக்க நாற்காலியிலேயே அமரும்
உங்கள் தம்பி,
அறவாழி