பெட்டிக்குப் பதில் சொன்ன ஆந்தை

குஸ்கோ, மாணவியர் விடுதி

அன்புள்ள அப்பாவுக்கு நெல்டா வணக்கத்துடன் எழுதுவது. நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். நான் நலம். உங்கள் இருமல் குறைந்ததா?

ஞாயிறன்று, பறவை பார்க்க வந்த வெளிநாட்டாரோடு எங்களையும் இன்காக்களின் பழங்கோட்டைக்கு அழைத்துப் போனார்கள். வழிகாட்டி எவாரிஸ்தோ மாமா ஒரு சின்னப் பெட்டியில் ஆந்தைக் குரலைப் போட்டார். அதைக் கேட்டால் ஆந்தையை விரட்டக் குருவிகள் கூட்டமாக வருமாம். வந்தன. நான் காதைப் பொத்திக்கொண்டேன்.

"ஆந்தை கத்துனா வீட்ல சாவு விழும்ல மாமா?"

"அடிப் போடி, கத்துறது பெட்டி. அதுக்கு யாரு வீட்டு விலாசம் தெரியும்?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்போது இடிந்த சுவருக்குள்ளிருந்து நிஜ ஆந்தை ஒன்று பதில் கொடுத்தது. மாமா பெட்டியை நிறுத்தினார். தொப்பியைக் கழற்றி, சுவரடியில் மூன்று கோகா இலைகளைக் காணிக்கையாக வைத்தார். பிறகு என்னிடம் மெதுவாக, "உங்கப்பா எப்படிம்மா இருக்காரு?" என்று கேட்டார்.

இங்கே குளிர் அதிகம், கம்பளிக் காலுறை அனுப்புங்கள். கூடவே இரண்டு வரி எழுதுங்கள். தம்பி எழுத வேண்டாம், கோணலாக இருந்தாலும் உங்கள் கையெழுத்தே வேண்டும். காலுறை மெதுவாக வரட்டும், கடிதம் முதலில் வரட்டும்.

விளக்கை அணைக்கிறார்கள்.